மூன்றடி அறை

எழுதுதற்கு ஏற்ற பொருள், ஏலாத பொருள் என இரு வகை உண்டென்று நெடுநாள் கருதி வந்தோம். சமையலறையைப் பற்றி எழுதலாம். பூசையறையைப் பற்றி எழுதலாம். கொல்லைப்புறத்து மூலையிலுள்ள மிகச் சிறிய அறையைப் பற்றி மட்டும் எவரும் எழுதுவதில்லை. அதன் பெயரைச் சொல்லவும் நாணி, 'கொல்லைக்குப் போதல்', 'வெளிக்குப் போதல்', 'காலைக் கடன்' என்று இடக்கரடக்கலாகப் பேசுவதே நம் வழக்கம். நம் வீடுகளில் வழங்கும் 'கக்கூஸ்' என்னும் சொல்லும் டச்சுக்காரர் மொழியிலிருந்து குடியேறியது என்பர். ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நாம், குடியேறிய சொல் ஒன்றைக் கண்டு நாணுவது முறையன்று. ஆகவே, சென்ற ஆண்டு எங்கள் வீட்டுக் கழிப்பறையைச் செப்பனிட்ட கதையை ஒளிவுமறைவின்றிச் சொல்லத் துணிந்தோம்.

'நாங்கள்' என்றது கணவனும் மனைவியுமாகிய இருவரை. கோரமண்டல் நிலையத்தில் விடியுமுன் வண்டியேறிப் பெங்களூர் சென்று, இருட்டிய பின் வீடு திரும்பும் பெருங்கூட்டத்தில் நாங்களும் சேர்ந்தவர்கள். வீட்டில் பெரியவர் இருவர். எங்களில் ஒருவருக்கு அவர்கள் பெற்றோர்; மற்றவருக்கு மாமனார், மாமியார். ஆயினும் இருவருமே 'நைனா' என்றும் 'அம்மா' என்றுமே அழைத்து வருகிறோம். நைனா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் உழைத்தவர். 2001 பிப்ரவரி 28-இல் தங்கச் சுரங்கம் மூடப்பட்ட நாள் வரையில் கீழே இறங்கி ஏறியவர். அம்மா குடியாத்தம் பக்கத்துச் சிற்றூரிலிருந்து மணப்பெண்ணாக இங்கு வந்தவர். இவர்களோடு பள்ளி செல்லும் மகளும் சேர, ஐவர் வாழும் லைன் வீடு எங்களுடையது.

கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் காலை, கழிப்பறைக்குச் சென்ற அம்மாவால் எழுந்திருக்க இயலவில்லை. மூட்டுவலி பல ஆண்டுகளாக உண்டு. அன்று முழங்கால் அடியோடு மறுத்துவிட்டது. கதவோ உட்புறமாகத் திறப்பது. அவர் அக்கதவின் மேலேயே சாய்ந்துவிட்டமையால் எங்களால் தள்ளவும் முடியவில்லை. கால் மணி நேரத்திற்குப் பின் நைனா பலகையைப் பெயர்த்து வழி செய்தார். அம்மாவுக்கு அடி ஒன்றும் பெரிதாகப் படவில்லை. ஆனால் அன்று முதல் அவர் இரவில் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார். 'ஏன்?' என்று கேட்டதற்கு விடை கூறவில்லை. விடை எங்களுக்கே தெரிந்திருந்தது. அவ்வறையை அவர் அஞ்சத் தொடங்கிவிட்டார்.

குந்தி அமரும் பீங்கானை எடுத்துவிட்டு, உட்காரும் பீங்கான் வைப்பது என்று அன்றே முடிவாயிற்று. ஆனால் அறையின் அளவு என்ன? அகலம் மூன்றடி, நீளம் நாலரை அடி. தேசியக் கட்டட விதித்தொகுப்பு, தனிக் கழிப்பறைக்குக் குறைந்த அகலம் 0.9 மீட்டர் என்றும், குறைந்த பரப்பு 1.1 சதுர மீட்டர் என்றும் கூறுகிறது. எங்கள் அறை அவ்வெல்லையை ஒட்டியே நின்றது. அம்மாவைத் தூக்கி நிறுத்த மற்றொருவரும் உள்ளே நுழைய வேண்டுமாதலால், ஒவ்வோர் அங்குலமும் எங்களுக்குப் பொன்னாயிற்று.

பெங்களூரில் ஒரு கடைக்குச் சென்றோம். அங்கே சுவரிலிருந்தே முளைத்தாற்போல் தொங்கும் பீங்கான் ஒன்றைக் காட்டினர். தண்ணீர்த் தொட்டி கண்ணுக்குத் தெரியாது, சுவருக்குள் மறைந்திருக்கும். கீழே தரை முழுதும் வெறுமையாக இருப்பதால் கழுவித் துடைப்பது எளிது. சுவரிலிருந்து முன்னே நீள்வது ஏறத்தாழ 21 அங்குலமே. தொட்டியோடு தரையில் நிற்கும் பழைய வகையோ 27, 28 அங்குலம் நீள்வது. ஏழங்குலம் மிச்சம் என்று மனம் குதித்தது. விலை மிகுதியாயினும், அம்மாவுக்காக அல்லவா என்று எங்களை நாங்களே தேற்றிக்கொண்டு ஊர் திரும்பினோம்.

எங்கள் மேஸ்திரியார் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். "இந்தச் சுவரைக் குடைஞ்சா சுவர் நிக்காதுங்க. இரும்புச் சட்டத்தை முன்னால நிறுத்தி, அதை மூட ஒரு சின்னச் சுவர் எழுப்பணும். அதுக்கு ஏழங்குலம் வேணும்" என்றார். 21-உடன் 7 சேர்ந்தால் 28. விலையுயர்ந்த பீங்கானும் பழைய பீங்கானும் ஒரே இடத்தில் வந்து நின்றன. புதிய கட்டடங்களில், குழாய்க்கென்றே சுவருக்குப் பின் இடைவெளி விட்டுக் கட்டிய இடத்தில், அது உண்மையாகவே இடத்தை மிச்சப்படுத்தும். எங்களைப் போன்ற பழைய வீட்டுக்காரர் அதை வாங்குமுன் சுவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அதன்பின் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். மூலையில் பொருந்துமாறு முக்கோணத் தொட்டியுடன் வரும் பீங்கான் ஒன்று உண்டு. சதுரமான அறைக்கு அது நன்று. மூன்றடி அகலத்தில் முழங்கால் எதிர்ச்சுவரில் இடிக்கும். குந்தவும் உட்காரவும் இரண்டிற்கும் ஆகும் 'ஆங்கிலோ இந்தியன்' வகையும் உண்டு. அதன் விளிம்பின் மேல் கால் வைத்து ஏறுவது முதியோர்க்குப் பெருந்தீங்கு என்று விட்டுவிட்டோம். ஜப்பானியர், தொட்டியின் மேல்மூடியையே கைகழுவும் கிண்ணமாக்கி, கை கழுவிய நீரே தொட்டியை நிரப்புமாறு செய்திருக்கிறார்கள். இடமும் மிச்சம், நீரும் மிச்சம். படத்தில் கண்டு வியந்தோம். நாங்கள் சென்ற கடைகளில் அது இல்லை.

முடிவில், தொட்டியும் பீங்கானும் ஒரே வார்ப்பாக, நீளம் 24 அங்குலமாகக் குறுக்கிச் செய்த சிறுவகை ஒன்று மனத்துக்குப் பிடித்தது. அதிலும் ஒரு பிழை செய்யவிருந்தோம். பீங்கானின் அடியிலுள்ள வாய், பின்சுவரிலிருந்து எத்தனை அங்குலத்தில் அமைந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். நாலங்குலத்துக்கு உரியவை உண்டு, ஒன்பதுக்கு உரியவை உண்டு, பன்னிரண்டுக்கும் உண்டு. எங்கள் வீட்டில் குழாய் வருவது ஒன்பது அங்குலத்தில். நாங்கள் கைகாட்டியதோ நாலங்குலத்துக்கு உரியது. அதை வைத்திருந்தால் பின்னால் ஐந்தங்குலம் வீணே காலியாக நின்று, சிறிய பீங்கான் பெரிய பீங்கானைவிட மிகுதியான இடத்தைப் பிடித்திருக்கும். அளவைச் சுவரின் செங்கல்லிலிருந்து எடுக்கலாகாது. ஓடு பதித்த பின் நிற்கும் முகத்திலிருந்தே எடுக்க வேண்டும். நாங்கள் பழைய பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டு ஓடு பதித்ததால் அகலம் குறையாமல் தப்பியது.

உயரத்தையும் சோதித்தோம். முதியோர்க்கு உயரமான இருக்கையே நல்லது என்று பலரும் கூறுவர். பழைய நாளிதழைப் பீங்கானின் வடிவத்தில் வெட்டித் தரையில் இட்டு, அதன்மேல் முக்காலி ஒன்றை வைத்துப் பலகைகளை அடுக்கி அம்மாவை உட்காரச் செய்தோம். 18 அங்குலத்தில் அவருடைய கால்கள் தரையில் பாவவில்லை. 16 அங்குலத்தில் பாவின. எழுந்திருக்க மட்டும் பிடிப்பு வேண்டியிருந்தது. அவர் தாமாகவே இரு கைகளையும் இரு பக்கச் சுவர்களில் ஊன்றி எழுந்து நின்று, "இப்படிக் குறுகலா இருக்கிறதும் நல்லதுக்குத்தான்" என்று சிரித்தார். இரண்டு சுவர்களிலும் பிடிகம்பி பொருத்துவதென்றும், கதவை வெளிப்புறமாகத் திறக்குமாறு மாற்றுவதென்றும், வெளியிலிருந்தும் நீக்கக்கூடிய தாழ் போடுவதென்றும் தீர்மானித்தோம். கதவு வெளியே திறந்தமையால் கிடைத்த இடம், எந்தப் பீங்கானும் தர இயலாத இடம்.

தண்ணீர் விஷயமும் ஒன்று. பேத்தமங்கலம் ஏரியை நம்பி வளர்ந்த ஊர் இது. குழாயில் நீர் வாராத நாட்கள் எங்களுக்குப் புதியனவல்ல. பழைய தொட்டிகள் ஒரு முறைக்குப் பத்து லிட்டரும் அதற்கு மேலும் கொட்டும். இப்போது வருவனவற்றில் சிறிய பொத்தானுக்கு மூன்று லிட்டர், பெரிய பொத்தானுக்கு ஆறு லிட்டர் போதும். நீரில்லா நாளில் ஒரு வாளி ஊற்றினாலும் தூய்மையாகும் வகையையே தேர்ந்தோம்.

இவ்வளவில் கதை முடிந்தது என்று எண்ணினோம். உண்மையில் அப்போதுதான் தொடங்கிற்று.

பழைய தரையைப் பெயர்த்தபோது, அதற்கு நேர் கீழே கழிவுத் தொட்டி இருப்பது தெரிய வந்தது. எப்போதோ, யாரோ, அதன் மூடியின் மேலேயே காரை பூசி மறைத்துவிட்டிருந்தனர். ஒரு பக்கம் வெடித்தும் இருந்தது. மேஸ்திரியார் இரண்டு வழி சொன்னார். ஒன்று, தொட்டியை மூடிவிட்டுக் குழாயைப் பின்பக்கத்து மழைநீர்க் கால்வாயில் விட்டுவிடுவது. மற்றொன்று, தொட்டியை அதே இடத்தில் புதுப்பித்து, மேலே ஓடு பதித்து மூடிவிடுவது. "கொல்லையில ஓர் அடி கூட வீணாகாது. பத்து வருஷத்துக்குக் கவலையே இல்லை" என்றார். "நிரம்பினால்?" என்று கேட்டோம். "ஓட்டை உடைச்சு எடுக்க ஆள் இருக்காங்க" என்றார்.

அவர் தீய எண்ணத்தால் கூறவில்லை. ஊரெங்கும் சொல்வதையே அவரும் சொன்னார். இடத்தை மிச்சப்படுத்தவே புறப்பட்ட எங்களுக்கு இரண்டாவது வழி இனித்தது என்பதையும் மறைக்காமல் ஒப்புக்கொள்ளுகிறோம்.

திண்ணையில் அமர்ந்திருந்த நைனா எழுந்து வந்தார். அவர் மெல்லப் பேசுபவர். சுரங்கத் தூசி அவர் நெஞ்சில் தங்கியிருப்பதால் ஒரு வாக்கியத்திற்கு இரு முறை மூச்சு வாங்குவார். "மேஸ்திரி, நான் மூவாயிரம் மீட்டருக்குக் கீழே இறங்கினவன். அங்கே காத்து வருதா, பாறை நிக்குதான்னு பார்க்காம எங்களை அனுப்ப மாட்டாங்க. அப்படி இருந்தும் எத்தனை பேர் வரலை. இது ஆறடிக் குழி. இதுக்குள்ள என்ன காத்து இருக்குதுன்னு யாரு பார்ப்பாங்க?" என்றார். மேஸ்திரியார் தலை குனிந்தார், நாங்களும் குனிந்தோம்.

மூடிய தொட்டியில் மீத்தேனும் ஐதரசன் சல்பைடும் தேங்கும். ஐதரசன் சல்பைடு மிகுந்த இடத்தில் மனிதன் ஒன்றிரண்டு மூச்சிலேயே மயங்கி வீழ்வான். அவனைக் காப்பாற்ற இறங்கும் அடுத்தவனும் வீழ்வான். செய்தித்தாளில் நாம் படித்துப் புரட்டிவிடும் சாவுகள் பல இவ்வாறு நேர்ந்தவையே.

அன்றிரவு அம்மா ஒன்று சொன்னார். அவர் மணமாகி வந்த நாளில் லைன் கடைசியில் பொதுக் கக்கூஸ் இருந்தது. பின்பக்கத்தில் ஒரு சிறு தகரக் கதவு. அதன் வழியே விடியற்காலையில் ஒரு பெண் வந்து வாளியை இழுத்து எடுத்துச் செல்வாள். "அவ வர்ற நேரம் தெரிஞ்சு நாங்க ஒதுங்கி நிப்போம். ஒரு நாளாவது அவ மூஞ்சியைப் பார்த்ததில்லை, பேரும் கேட்டதில்லை. எனக்கு முட்டி வலிக்குதுன்னு நீங்க இவ்வளவு பாடு படறீங்க. அவளுக்கு முதுகு வலிச்சிருக்குமே, யாரு கேட்டாங்க?" இதைச் சொல்லிவிட்டு அவர் நெடுநேரம் பேசவில்லை.

இவ்வூரின் வரலாற்றில் இது ஒரு வியப்பு. ஜான் டெய்லர் கம்பெனியார் 1880-இல் இங்கே வேலை தொடங்கினர். 1902-இலேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்துவிட்டது. உலகத்தின் ஆழமான சுரங்கங்களில் ஒன்று என்று சாம்பியன் ரீஃப் பெயர் பெற்றது. நாற்றத்தை மேலே வரவொட்டாமல் தடுக்கும் வளைகுழாய்க்கு அலெக்சாண்டர் கம்மிங் என்னும் கடிகார வினைஞர் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றதோ 1775-இல். ஒரு சாண் வளைவும் அதில் தேங்கும் சிறிது நீரும்தான் அந்தப் பெரிய கண்டுபிடிப்பு. அது இவ்வூர்த் தொழிலாளர் பலருடைய வரிசைகளுக்கு வந்து சேர இருநூறு ஆண்டுகளுக்கு மேலாயின. அதுவரையில் எடுப்புக் கக்கூஸும், அதைச் சுமந்த தலைகளுமே இருந்தன.

அந்நிலையை எதிர்த்துக் குரல் எழுப்பியவர் வெளியூரார் அல்லர். பெசவாடா வில்சன் 1966-இல் இத்தங்கவயலிலேயே, இத்தொழிலில் கட்டுண்டிருந்த குடும்பத்தில் பிறந்தவர். அவர் அதிகாரிகளுக்கு முறையிட்டு, வழக்குத் தொடுப்பதாகவும் அறிவித்து, விடாது போராடியதன் பயனாக இவ்வூரின் எடுப்புக் கக்கூஸ்கள் நீரடைப்புள்ளவையாக மாற்றப்பட்டன. பின்னர் 'சபாய் கர்மசாரி ஆந்தோலன்' என்னும் இயக்கத்தைக் கட்டி நாடெங்கும் அப்பணியை நடத்தினார். 2016-இல் மகசேசே விருது பெற்றார். எடுப்புக் கக்கூஸைத் தடை செய்யும் சட்டம் 1993-இலும், அதனினும் விரிவான சட்டம் 2013-இலும் வந்தன. பாதுகாப்பின்றி மனிதனைக் கழிவுத் தொட்டியில் இறக்கித் துப்புரவு செய்விப்பது பிந்திய சட்டப்படி குற்றம். அது நகராட்சிக்கு மட்டும் உரிய விதியன்று, வீட்டுக்காரரையும் கட்டுப்படுத்துவது. தொட்டியிலும் சாக்கடையிலும் இறந்தோர் குடும்பங்களுக்குப் பத்து இலட்ச ரூபாய் தர வேண்டும் என 2014-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2023-இல் அத்தொகையை முப்பது இலட்சமாக உயர்த்திற்று. தொகை உயர்ந்ததே சாவு நிற்கவில்லை என்பதற்குச் சான்று.

மறுநாள் காலை மேஸ்திரியாரிடம் எங்கள் முடிவைக் கூறினோம். பழைய தொட்டியை இயந்திர வண்டி கொண்டு உறிஞ்சி எடுத்து, கழுவி, மண்ணிட்டு நிரப்பிவிடுவது. புதிய தொட்டியைக் கொல்லையில், சந்தை ஒட்டி, உறிஞ்சு வண்டியின் குழாய் எட்டும் இடத்தில் கட்டுவது. ஐவர் வாழும் வீட்டிற்கு ஒன்றரை மீட்டர் நீளம், முக்கால் மீட்டர் அகலம், நீர் நிற்கும் ஆழம் ஒரு மீட்டருக்குச் சற்று மேல் இருந்தால் போதும் என்பது தர நிர்ணயக் கணக்கு. மேலே கழற்றி எடுக்கக்கூடிய மூடிகள் இரண்டு. வாயு வெளியேற வலை கட்டிய உயரமான குழாய். தெளிந்த நீர் மண்ணில் இறங்க ஓர் உறிஞ்சு குழி. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை வண்டியை அழைத்து மூடியைத் திறந்தால், எவரும் உள்ளே கால் வைக்காமலே வேலை முடியும்.

இதற்கு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. கொல்லை முழுவதும் எட்டடிக்குப் பத்தடி. துணி துவைக்கும் கல்லை நகர்த்தினோம். சுரங்கம் மூடிய ஆண்டில் அம்மா நட்ட கறிவேப்பிலை மரத்தை எடுக்க நேர்ந்தது. வேலை இழந்த வீட்டில் அன்றாடக் குழம்புக்கு வாங்காமல் கிடைத்த பொருள் அது ஒன்றே என்று அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். எங்களால் சொல்ல முடியாமல் தயங்கி நின்றோம். அவரே, "மரம் இன்னொண்ணு வச்சுக்கலாம்" என்று கூறி, வேரடியில் முளைத்திருந்த கன்று ஒன்றைப் பெயர்த்து உடைந்த வாளியில் வைத்தார். சுவரில் தொங்கும் பீங்கானை வாங்காமையால் மிஞ்சிய பணமே புதிய தொட்டிக்கு ஏறக்குறைய ஈடாயிற்று. மேலே மிச்சம் பிடித்த இடத்தையும் பொருளையும் கீழே கொடுத்தோம் என்று சொல்லலாம்.

நேயர்களுள் பலர் பெங்களூரிலும் பம்பாயிலும் கடல் கடந்தும் சிறிய அடுக்கு வீடுகளில் வாழ்கிறீர்கள். கழிப்பறையைப் புதுப்பிக்கும் நாள் உங்களுக்கும் வரலாம். அன்று அறையின் நீள அகலத்தை அளவுங்கள். கதவு எப்பக்கம் திறக்கிறது என்று பாருங்கள். குழாயின் வாய் சுவரிலிருந்து எத்தனை அங்குலம் என்று குறித்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பெரியவரை உட்காரவைத்து உயரம் பாருங்கள். இவற்றையெல்லாம் கடைக்காரரும் ஒருவாறு சொல்லித் தருவார். அவர் சொல்லாத ஒன்று உண்டு. தொட்டி எங்கே இருக்கிறது, அதன் மூடி எங்கே, அதை யார், எப்படித் திறப்பார் என்பதையும் கேளுங்கள். அடுக்கு வீடாயின் சங்கக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். கேட்க நாணமாக இருக்கும், எங்களுக்கும் இருந்தது.

வேலை முடிந்து இப்போது ஐந்து மாதமாகிறது. அம்மா இரவில் சொம்பு நிறையத் தண்ணீர் குடிக்கிறார். வாளியில் வைத்த கறிவேப்பிலைக் கன்று நான்கு கொழுந்து விட்டிருக்கிறது. நைனா மாலைதோறும் கொல்லையில் நாற்காலி போட்டு, அவ்விரு மூடிகளுக்கும் அருகே அமர்கிறார். அவற்றின்மேல் எவரும் விறகோ தொட்டியோ வைத்துவிடாமல் காவல் இருப்பதாகச் சொல்லுகிறார்.